சுழி எடுக்காத நாள்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். உன் இருமல் குறைந்ததா, மாலைக் காய்ச்சல் நின்றதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, மாத்திரையை நாள் தவறாமல் விழுங்குகிறாயா? நான்குக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். போன தடவை மாதிரி ஒரே வரியில் பூசி மெழுகாதே. அம்மா கேட்கச் சொன்னது, உன் அறை ஜன்னல் திறக்க வருகிறதா என்று. நான் கேட்பது, கண் எப்படி இருக்கிறது? சும்மாதான் கேட்கிறேன்.

இப்போது உன் தொழிலில் ஒரு சந்தேகம். ஊரில் உள்ள மைக்ராஸ்கோப், பைனாகுலர் எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டுகிறவன் நீ. எங்கள் மருந்துக் கம்பெனியின் போலாரிமீட்டர் கொஞ்ச நாளாக என்னை ஏய்க்கிறது. நீ அதைப் பார்த்ததில்லை, அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

ஒரு முனையில் மஞ்சள் சோடியம் விளக்கு. அந்த ஒளி ஒரு பட்டகத்தைத் தாண்டியதும் எல்லாப் பக்கமும் அதிராமல் ஒரே தளத்தில் மட்டும் அதிரும். நடுவில் ஒரு சாண் நீளக் கண்ணாடிக் குழாய். அதில் மருந்தைக் கரைத்து ஊற்றினால், ஒளியின் தளம் கொஞ்சம் திரும்பி வெளியே வரும். இந்த முனையில் நான். கண்ணை வைத்தால் ஒரு மஞ்சள் வட்டம், நடுக்கோடு போட்ட மாதிரி இரண்டு பாதி, ஒன்று வெளிச்சம், ஒன்று மங்கல். திருகைத் திருப்பிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் இரண்டு பாதியும் ஒன்று போல் ஆகிக் கோடு மறைந்துவிடும். அங்கே நிறுத்தி அளவைப் படிக்க வேண்டும். கடிகார முள் போகிற பக்கம் திருப்ப நேர்ந்தால் வலஞ்சுழி, எதிர்ப்பக்கம் என்றால் இடஞ்சுழி.

வெறும் தண்ணீர் ஒளியைத் திருப்பாது. எனவே தண்ணீர் ஊற்றினால் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். இதைத்தான் சுழி எடுப்பது என்போம். எந்தக் கருவியும் அச்சாக நிற்காது. எங்களுடையது 0.02 டிகிரி காட்டும், அதை மருந்தின் அளவிலிருந்து கழித்துவிடுவோம். பெரிய கெமிஸ்ட் மாதம் முதல் தேதி ஒரு தடவை சுழி எடுத்துச் சுவரில் அட்டை ஒட்டுவார், எல்லோரும் அதையே கழிப்பார்கள். நான் மட்டும் ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னும் பின்னும் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பேன். அதனால் எனக்குச் 'சுழி அக்கா' என்று பெயர். ரெட்டைச் சுழித் தலையனுக்கு அக்கா சுழி அக்காவாக இருப்பதும் பொருத்தம்தானே.

அந்தச் சுழி நகர்கிறது, தம்பி. நவம்பரில் 0.02. நேற்று 0.21. என்ன கோளாறு என்று எழுது. பதிலை வீட்டு விலாசத்துக்கே போடு.

உன் அக்கா

*

பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். இருமல் பாதி. காய்ச்சல் இல்லை. சாப்பாடு உண்டு. மாத்திரை தினமும் காலையில். ஜன்னல் திறக்கும், மூடத்தான் வராது. கண் இரண்டும் வைத்த இடத்தில் இருக்கின்றன. போதுமா?

உன் கருவிக்கு வருகிறேன். குழாயின் இரண்டு முனையிலும் கண்ணாடி வில்லை வைத்து மூடி திருகுவீர்கள் இல்லையா? அதை ரொம்ப இறுக்கினால் கண்ணாடி நெரிபட்டு அதுவே ஒளியைக் கோணலாக்கும். உன் கை எனக்குத் தெரியும். நீ மூடிய ஊறுகாய் ஜாடியை அப்பாவே இடுக்கி போட்டுத்தான் திறப்பார். இறுக்காமல் மூடிப் பார். குழாயில் காற்றுக் குமிழி நிற்கிறதா, விளக்கு சூடாகிப் பத்து நிமிஷம் ஆனதா, இதையும் பார்.

ஒரு நல்ல செய்தி. இங்கே ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை உங்கள் கம்பெனிதான்! டப்பாவைத் திருப்பினேன், பேட்ச் எண் 417 என்று இருக்கிறது. அக்கா கண் பட்ட மருந்து, இனி என்ன பயம் என்று நர்ஸிடம் சொன்னேன். காசநோய் என்று நான் எழுதியதும் பதிலில் நீ சொன்னாயே, இந்த மருந்துக்குக் கண்ணாடி பிம்பம் மாதிரி ஒரு இரட்டை உண்டு, எடை ஒன்று, உருகும் சூடு ஒன்று, இடது செருப்புக்கும் வலது செருப்புக்கும் உள்ள வித்தியாசம்தான், ஆனால் வலஞ்சுழி நெஞ்சைக் காக்கும், இடஞ்சுழி கண்ணைக் கெடுக்கும் என்று. இரண்டையும் சரிசமமாகக் கலந்தால் கருவி சுழியில் நின்றுவிடும் என்றும் சொன்னாய். அதையும் நர்ஸுக்கு விளக்கினேன். அந்தம்மா, "வாய மூடிட்டு முழுங்குங்க" என்றார்.

அம்மாவுக்கு என் அன்பு.

உன் ரெட்டைச் சுழி

*

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். மூடியை இறுக்காமல் பார்த்தேன். குமிழி இல்லை. விளக்குக்கு அரைமணி நேரம் கொடுத்தேன். இன்று 0.24. முதல் தேதி பெரிய கெமிஸ்ட் எடுத்தபோது 0.02 என்று பூனை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. என்னிடம் மட்டும்தான் அதன் சேட்டை.

இத்துடன் அம்மாவின் ஊசிப் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் ஒன்றும் பச்சை நூல் ஒன்றும் வைத்திருக்கிறேன். பகல் வெளிச்சத்தில் பார்த்து எது எது என்று சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பு. ஏன் எதற்கு என்று கேட்காதே. படிக்கும்போது எழுத்து கலங்குகிறதா? நிறம் வெளிறித் தெரிகிறதா? இதற்கும் பதில் எழுது.

அலமாரிக் கதவில் தோளை இடித்துக்கொண்டேன், வலது தோள். அம்மா மஞ்சள் பற்று போட்டாள். வேறு விசேஷம் இல்லை.

அக்கா

*

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம். கடையில் வேலை தலைக்கு மேல்.

நூல் வந்தது. இது சிவப்பு, இது பச்சை. ஒன்றாம் வகுப்புப் பாஸா? திருப்பி அனுப்பவில்லை, ஜன்னல் கம்பியில் கட்டி வைத்திருக்கிறேன். இருமலை விட்டுவிட்டு நீ ஏன் என் கண்ணையே சுற்றிச் சுற்றி வருகிறாய்? எதையோ மென்று முழுங்குகிறாய். உன் கையெழுத்தும் வலப்பக்கம் போகப் போகச் சரிகிறது.

கருவியைப் பற்றி யோசித்தேன். பெரிய கெமிஸ்ட் பார்த்தால் 0.02, நீ பார்த்தால் 0.24 என்றால் கருவியைத் திட்டிப் பயனில்லை. நீ எந்தக் கண்ணால் பார்க்கிறாய்? வலதுதானே? ஒரே ஒரு தடவை இடது கண்ணை வைத்துச் சுழி எடுத்துப் பார். என்ன வருகிறது என்று எழுது. இதற்கு மட்டும் மறக்காமல் பதில் போடு.

இன்னொன்று, சிரிக்காதே. நேற்று ஒரு மைக்ராஸ்கோப் விளக்கில் பச்சை ஒயர் வைக்க வேண்டிய இடத்தில் பிரவுன் ஒயரைப் பற்றவைத்துவிட்டேன். முதலாளி, "கண்ண எங்க வச்சிருக்க?" என்று கத்தினார். அக்காவிடம் கேளுங்கள், அவளுக்குத்தான் தெரியும் என்று சொல்ல நினைத்தேன்.

தம்பி

*

மார்ச் 19

தம்பி,

நலம் விசாரிக்கக் கை ஓடவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கண் டாக்டரைப் பார். மறுநாள் என்று தள்ளாதே. பச்சையும் பிரவுனும் குழம்பியது என்று வாய்விட்டுச் சொல். நீ சிரிப்பாய் எழுதியதைப் படித்து நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா கேட்டதற்குத் தலைசுற்றல் என்றேன்.

சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் இருந்தால் நெஞ்சு வெடித்துவிடும். ஜனவரி 9 ஆம் தேதி, உன் நெஞ்சுப் படத்தில் புள்ளி இருக்கிறது என்று நீ எழுதிய கடிதம் வந்தது. அதைப் பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போனேன். அன்று ஒரு பேட்ச். குழாயில் மருந்தை ஊற்றினேன், படித்தேன், 1.34. தண்ணீர் ஊற்றவில்லை. பத்து வருஷத்தில் அன்று ஒரு நாள்தான் நான் சுழி எடுக்கவில்லை. சுவரைப் பார்த்தேன், அட்டையில் 0.02, கழித்தேன், 1.32. எங்கள் எல்லை 1.20 இலிருந்து 1.40. தேறியது என்று கையெழுத்துப் போட்டேன். அந்தப் பேட்ச் 417.

ஆனால் அதற்கு நாலு நாள் முன்பே என் சுழி 0.11. மூன்று நாள் கழித்து 0.16. அன்று 0.15 இருந்திருந்தால் உண்மையான அளவு 1.19. எல்லைக்குக் கீழே. அளவு குறைந்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும், நர்ஸுக்கே விளக்கினவன் நீ. இடது செருப்பு உள்ளே கலந்திருக்கிறது. அதை நீ தினமும் காலையில் விழுங்குகிறாய்.

பெரிய கெமிஸ்டிடம் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு பேட்சிலும் ஒரு சீசா எடுத்து வைத்திருப்போம், மறுபடி பார்க்கலாம். ஆனால் சுழி ஏன் நகர்ந்தது என்று கேட்பார். கருவிதான் சார் என்று சொன்னால் கருவியைப் பார்ப்பார். எனக்கு வாய் வரவில்லை, தம்பி.

மாத்திரையை நிறுத்து என்றும் சொல்ல முடியவில்லை, விழுங்கு என்றும் சொல்ல முடியவில்லை. டாக்டரிடம் போ.

அக்கா

*

மார்ச் 31

அன்புள்ள தம்பிக்கு,

பன்னிரண்டு நாள் ஆயிற்று. தபால்காரர் வீட்டைத் தாண்டிப் போகும்போது சைக்கிளை மெதுவாக்கி, இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். உன் விடுதிக்குப் போன் செய்தேன். எடுத்தவர், "அவரு ஆஸ்பத்திரிக்குப் போனாரு, வரல" என்று வைத்துவிட்டார். எதற்கு, எத்தனை நாள், ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாவின் கடைசி வருஷங்கள் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. தட்டில் சோற்றைத் தடவித் தேடுவாரே. வெல்டிங் பொறி கண்ணைத் தின்றுவிட்டது என்று அம்மா இன்றைக்கும் அந்தப் பட்டறையைச் சபிக்கிறாள். உன் கண்ணை நான் தின்றுவிட்டேன் என்றால் என்னை யார் சபிப்பது?

ஒரு வரி எழுது. கோபமாக இருந்தாலும் எழுது. எழுத முடியவில்லை என்றால் யாரையாவது எழுதச் சொல். ஐயோ, என்ன வார்த்தை எழுதிவிட்டேன்!

அக்கா

*

ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன், கண்ணோடும் இருக்கிறேன். முதலில் மூச்சு விடு.

ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்துக்கொண்டார்கள், நெஞ்சுக்காகத்தான், புதுப் படம் எடுக்க. புள்ளி சுருங்கியிருக்கிறதாம். அப்படியே கண் பிரிவுக்கும் போனேன். நிறப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தைக் காட்டினார்கள். எல்லா எண்ணையும் கடகடவென்று சொன்னேன். "கலர் நல்லா தெரியுது, போங்க" என்றார்கள். அதோடு சரி, வேறு சோதனை எதுவும் செய்யவில்லை.

அப்புறம் ஏன் பச்சை ஒயர் பிரவுனாயிற்று? உன்னால்தான். உன் கருவியைப் புரிந்துகொள்ளலாம் என்று பழைய சோடியம் விளக்கு ஒன்றை எங்கிருந்தோ பிடித்து வந்து மேஜையில் எரியவிட்டிருந்தேன். அந்த ஒற்றை மஞ்சளில் பச்சை ஏது, பிரவுன் ஏது? எல்லாம் சேற்று நிறம். அதன் கீழேயே உட்கார்ந்து ஒயர் பற்றவைத்த முட்டாளை முதலாளி திட்டியது நியாயம். அதை விளக்காமல் விளையாட்டாக எழுதி உன்னைக் கொன்றுவிட்டேன். மன்னித்துக்கொள்.

ஆனாலும் 417 அப்படியேதான் இருக்கிறது. இன்றைக்குக் கண் நன்றாக இருக்கிறது என்பது நாளைக்குச் சாட்சி ஆகாது. இந்த டப்பாவை எத்தனை பேர் கையில் வாங்கிப் போயிருக்கிறார்கள் என்று வரிசையில் நின்று பார்த்தவன் நான்.

உன் கடிதங்களைப் புரட்டினேன். நான் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது, இடது கண்ணைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் இல்லை. இனிக் கேட்கப் போவதில்லை. ஒன்று செய். உன் நோட்டிலிருந்து நவம்பர் முதல் இன்று வரை உள்ள சுழிகளைத் தேதியோடு எழுதி அனுப்பு. நீ வாயை மூடிக்கொள்வாய், ஆனால் ஓர் எண்ணை மாற்றி எழுத உன் கை வராது. அது எனக்குத் தெரியும்.

தம்பி

*

ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அழுதுவிட்டு உனக்கு வசவும் அனுப்பச் சொன்னாள். அனுப்பிவிட்டதாக வைத்துக்கொள்.

நீ கேட்டது:

நவம்பர் 10: 0.02
டிசம்பர் 3: 0.05
டிசம்பர் 22: 0.09
ஜனவரி 5: 0.11
ஜனவரி 9: எடுக்கவில்லை
ஜனவரி 12: 0.16
பிப்ரவரி 3: 0.21
பிப்ரவரி 20: 0.24
மார்ச் 8: 0.30
மார்ச் 16: 0.33
மார்ச் 17: 0.02
மார்ச் 25: 0.02
ஏப்ரல் 14: 0.02

அக்கா

*

ஏப்ரல் 20

அக்கா,

படித்தேன். நாலு மாதம் படிப்படியாக ஏறிய எண், மார்ச் 17 காலையில் ஒரே எட்டில் பழைய இடத்தில் வந்து நிற்கிறது. கருவியைப் பழுது பார்த்ததாக நீ எழுதவில்லை. நான் 12 ஆம் தேதி போட்ட கடிதம் உன்னிடம் 16 ஆம் தேதி மாலை வந்திருக்கும். மறுநாளே நீ இடது கண்ணை வைத்துப் பார்த்திருக்கிறாய். அன்று முதல் இடது கண்ணாலேயே வேலை செய்கிறாய். கருவி யோக்கியமானது என்று அன்றைக்கே உனக்குத் தெரியும். கோளாறு எங்கே என்றும் தெரியும். இரண்டு நாள் கழித்து எனக்கு அவ்வளவு எழுதினாய், அதில் அந்த ஒரு வரி இல்லை. என் கண்ணுக்காக ஊரைக் கூட்டிவிட்டு உன் கண்ணை மடியில் ஒளித்துக்கொண்டாயே!

அலமாரிக் கதவு இடிக்கவில்லை, அக்கா. வலப்பக்கம் உனக்குத் தெரியவில்லை.

ஒன்று சொல்கிறேன், ஆறுதலுக்காக இல்லை, கணக்கு அப்படித்தான். மருந்தைப் பார்த்த அதே கண்தான் தண்ணீரையும் பார்த்தது. இரண்டிலும் ஒரே பிழை. நீ கழித்தபோது பிழையும் கழிந்துபோயிற்று. அதனால் நீ கையெழுத்துப் போட்டதெல்லாம் சரி. உன் சுழிப் பைத்தியம்தான் காப்பாற்றியது. 417 ஒன்றுதான் பாக்கி.

எனவே நீ இரண்டு வேலை செய்ய வேண்டும். பெரிய கெமிஸ்டிடம் எல்லாவற்றையும் சொல்லி அந்தச் சீசாவை எடுக்க வேண்டும். கண் டாக்டரிடம் போக வேண்டும். நீயாகப் போகமாட்டாய் என்று எனக்குத் தெரியும், அப்பாவின் கண் போனதைப் பார்த்துப் பயந்தவள் நீ. அதனால் கேட்டுக்கொள். மாத்திரையை நிறுத்திவிட்டேன். இன்றோடு இரண்டு நாள். இந்த மாதம் இங்கே 417 தவிர வேறு இல்லை. அந்தச் சீசாவின் அளவு என்ன என்று உன் கடிதம் வரும்வரை தொடமாட்டேன். ஒரு நாள் விட்டாலும் நோய் திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இனி உன் பாடு.

தம்பி

*

ஏப்ரல் 26

தம்பி,

விழுங்கு. முதலில் மாத்திரையை விழுங்கிவிட்டு மீதியைப் படி. 1.21. தேறிவிட்டது. உன் விடுதிப் போனை யாரும் எடுக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். பெரிய கெமிஸ்ட் அப்போதுதான் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"சார், 417ல நான் சுழி எடுக்கல."

"அதனால என்ன? அட்டையில இருக்கிறத கழிச்சிருப்பீங்க. எல்லாரும் அதத்தான செய்றாங்க."

"என் கண்ணுக்கு அந்த அட்டை பொருந்தாது சார்."

அவருக்குப் புரியவில்லை. நோட்டைக் காட்டினேன். பார்த்துக்கொண்டே வந்தவர் மார்ச் 17 இல் விரலை வைத்து நிறுத்தினார். குழாயில் தண்ணீர் ஊற்றித் தானே திருகைத் திருப்பி வைத்துவிட்டு, "வலது கண்ண வச்சுப் பாருங்க. ரெண்டு பாதியும் எப்படி இருக்கு?" என்றார்.

"வலது பாதி மங்கலா இருக்கு சார்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணா இருக்கும்மா" என்றார். நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

சீசாவை எடுத்து வந்தார்கள். மாலை ஷிப்டுக்காரியை வரவழைத்துப் படிக்கச் சொன்னார். நான் வெளியே ஸ்டூலில் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடினால் உன் முகம், திறந்தால் மூடின கதவு. தண்ணீர் 0.02, மருந்து 1.23. அவள் ஓடி வந்து, "சுழி அக்கா, தேறிடுச்சு, ஒண்ணு இருபத்தொண்ணு" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பெரிய கெமிஸ்ட் நம்பாமல் தானும் ஒரு தடவை பார்த்தார். அதே 1.21. எல்லையிலிருந்து ஒரு நூல். அந்த ஒரு நூலில் நீயும் நானும் முகம் தெரியாத எத்தனையோ பேரும் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

இனி நான் கரைசல் தயாரித்துக் கொடுப்பேன், படிப்பது அவள். ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னும் பின்னும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சுவரில் புது அட்டை ஒட்டியாயிற்று. பழைய அட்டையை அவரே கிழித்தார்.

மாலையில் கண் டாக்டர். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அவளும் கூட வந்தாள். ஏதேதோ கருவியில் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்தார். "ஏம்மா இவ்வளவு நாள் வரல?" என்றார். "பயமா இருந்தது" என்றேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்கிறதாம். வலது கண்ணில் போனது போனதுதான், திரும்பாது. மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம். இடது கண் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது.

வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். அம்மா முந்திக்கொண்டு, "அவங்க அப்பாவுக்குக் கண்ணு போச்சு, ஆனா அது வெல்டிங்கால" என்றாள்.

"ரெண்டு கண்ணுமா? மெதுவா, ஓரத்துலேர்ந்து?"

"ஆமாங்க."

"அது வெல்டிங் இல்லம்மா."

அம்மா என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. டாக்டர் என்னைப் பார்த்து, "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" என்றார்.

ரெட்டைச் சுழி, நான் மூன்று மாதமாக உன் கண்ணைக் கேட்டுக்கொண்டே இருந்தேனே, தப்பான காரணத்துக்காகக் கேட்டிருக்கிறேன். நிறப் புத்தகம் போதாது. இது அப்பாவிடமிருந்து பிள்ளைகளுக்கும் வருமாம், அழுத்தம் பார்க்கச் சொல். நாளைக்கே போ. நான் ஒளித்த ஒவ்வொரு நாளும் உன் நாளும்தான் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

அக்கா

*

மே 9

அன்புள்ள அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். மாத்திரையை நான் ஒரு நாளும் நிறுத்தவில்லை. இருமலில் ரத்தத்தைப் பார்த்தவனுக்கு நிறுத்தத் தைரியம் வராது. தினமும் காலையில் ஜன்னல் கம்பியில் நீ அனுப்பிய சிவப்பையும் பச்சையையும் பார்ப்பேன், அது அதுவாகத் தெரிந்தால் விழுங்குவேன். விழுங்கியபின் மாலை வரை பயந்துகொண்டிருப்பேன். உன்னைக் கிளப்புவதற்கு எனக்கு வேறு பொய் கிடைக்கவில்லை. நீ எண்ணில் பொய் சொல்லாதவள், நான் எழுத்தில் சொல்லிவிட்டேன். உதை வாங்க நேரில் வருகிறேன்.

போனேன். அழுத்தம் பார்த்தார்கள், பொட்டுப் பொட்டாக விளக்கு எரியும் கிண்ணத்துக்குள் தலையைவிட்டுப் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். ஒரு பக்கம் நான் அமுக்கவே இல்லையாம். அங்கேயும் விளக்கு எரிந்ததென்று அவர்கள் சொல்லித்தான் தெரிகிறது. எனக்கும் இருக்கிறது, அக்கா. ஆரம்பம்தான், நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். எனக்கு எதுவும் தெரியாமலே இருந்தது, அதுதான் பயமாக இருக்கிறது. உன் நோட்டில் அந்தச் சுழிகள் இல்லாவிட்டால் அப்பா மாதிரி தட்டைத் தடவும்போதுதான் தெரிந்திருக்கும்.

உனக்கு வலது. எனக்கு இடது. நீ வலஞ்சுழி, நான் இடஞ்சுழி. இதைக் கேட்டு அம்மா அழுதால், இரண்டையும் சேர்த்தால் ஒரு ஜோடி கண் முழுசாக இருக்கிறது என்று சொல்.

இருமல் நின்றுவிட்டது. சொட்டு மருந்து இரண்டு வேளை, தவறாமல். சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன், ஸ்டேஷனுக்கு வா. கூட்டமாக இருக்கும். வீடு வரை நான் உன் வலப்பக்கம் நடக்கிறேன், நீ என் இடப்பக்கம் நட.

தம்பி